கல்லுத் தலையோட பின்பக்கம்

ரோமாபுரியில இருந்து என் தங்கச்சி ஒரு கல்லுத் தலையோட போட்டோவ அனுப்பி, "அக்கா, இந்தக் கொண்டை போடத் தெரியுமா உனக்கு?"ன்னு கேட்டிருந்தா. நான் அப்ப ஒரு பொண்ணுக்குப் புருவம் எடுத்துக்கிட்டு இருந்தேன். நூலை வாயில கடிச்சபடியே ஃபோன எட்டிப் பாத்தேன். மொதல்ல வந்தது கோவம்தான். பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு மேல் பக்கம் மாடியில பதினஞ்சு வருஷமா சலூன் வச்சிருக்கேன். லுணுகலையில இருந்து, பசறையில இருந்து, எங்கெங்க தோட்டத்துல இருந்தோ கல்யாணப் பொண்ணுங்க விடியக்காலம் பஸ் ஏறி வந்து என் கதவத் தட்டுறாங்க. என்னையப் பாத்துத் தெரியுமாவாம்!

"ஏன்டி, நீ அங்க வயசானவங்களப் பாத்துக்கிற வேலை தானே செய்யிற? கொண்டை போடுற வேலைய எப்ப எடுத்த? யாருக்கு இது?"ன்னு வாய்ஸ் போட்டு விட்டேன்.

அவ எழுதித்தான் பதில் அனுப்பினா. "எனக்குத்தான்க்கா. கல்யாணம்."

அந்தப் பொண்ணுக்கு ஒரு புருவம் எடுத்தாச்சு, ஒண்ணு எடுக்கல, அப்படியே நின்னுட்டேன். கண்ணாடியில அவ என்னையே பாக்குறா. "என்னக்கா?"ன்னா. "ஒண்ணுமில்ல, தலைய அசைக்காத"ன்னேன். மத்தப் புருவத்த எப்படி முடிச்சேன்னு இன்னைக்கும் எனக்கு ஞாபகம் இல்ல.

மூணு நாள் அவகூடப் பேசல நான். கல்யாணம் பண்ணிக்கிறாளேன்னு கோவமில்ல. முப்பத்தி மூணு வயசாச்சு, பண்ணட்டும். மாப்பிள்ளை சிங்களப் பையன், வெலிமடையில லீக்ஸ் பயிர் போடுற வீட்டுப் புள்ள, இப்ப ரோமாபுரியில ஒரு ஹோட்டல் குசினியில சமையல் வேலை. அதுலயும் எனக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு பஸ் மாறினா போயிறலாம் வெலிமடைக்கு. அந்தப் பையனப் பாக்க இவளுக்கு ரோமாபுரி வரைக்கும் போக வேண்டியிருந்திருக்கு, அவ்வளவுதான். கோவம் என்னன்னா, கல்யாணம் அங்கதானாம். வர முடியாதாம். அந்த நாட்டுல தங்குறதுக்கான கடுதாசி இன்னும் அவ கைக்கு வரல. இப்ப வெளிய வந்தா திரும்ப உள்ள விடமாட்டாங்க. நான் போலாம்னு பாத்தேன், விசா கெடைக்கல. ஆகக் கூடி, என் தங்கச்சி கல்யாணத்துல நான் இல்ல.

இது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்குதுன்னு சொல்லணும்னா, அவளோட சடங்கச் சொல்லணும்.

எங்கம்மா சாகும்போது அவளுக்கு ஆறு வயசு, எனக்குப் பதினாலு. லுணுகலைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டம், வரிசை வீடா இருக்கிற லயத்துல கடைசிக் காம்பிரா, ஒரே அறை. அப்பா காலையில பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் எண்ணுற எடத்துக்கு, பேர் குடுக்கப் போயிருவாரு. அவள முழங்காலுக்கு நடுவுல ஒக்கார வச்சு தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்புறது என் வேலை. பிறகு நானும் கொழுந்து பறிக்கப் போனேன். அப்பயும் அவளுக்குப் பின்னி விட்டுட்டுத்தான் பெரட்டுக்கு ஓடுவேன். லேட்டாப் போயி கங்காணிகிட்ட எத்தனை தரம் வாங்கிக் கட்டியிருக்கேன்! அவ முடி அப்படி. என் ஒரு கைக்குள்ள அடங்காது. பின்னி முடிக்கிறதுக்குள்ள மணி அடிச்சிரும்.

அவ பெரிய மனுஷியானப்ப எனக்கு இருபத்தொரு வயசு. சடங்குக்குப் பூச்சடை வைக்கணும். பின்னின சடை மேல பூவ வரிசையா அடுக்கி, ஊசி நூலால முடியோட சேத்துத் தைக்கிறது அது. ரெண்டு நாளா நான் செவ்வந்தியும் ரோஸும் சேத்தேன். பங்களாத் தோட்டக்காரன் கால்ல விழாத குறை. ஊசியில நூலக் கோத்துக்கிட்டு அவளுக்குப் பின்னால ஒக்காந்தேன். பக்கத்துக் காம்பிரா அத்தை வந்து கையப் புடிச்சாங்க.

"ஏ புள்ள, நீ தைக்கக் கூடாது. கல்யாணம் ஆகாத கையி. தாயில்லாத வீடு வேற. ஒரு சுமங்கலி கை படட்டும்."

"நான்தானே வளத்தேன்! அப்ப இந்தக் கையி ஆகும், இப்ப ஆகாதா?"ன்னு கத்திட்டேன். அப்பா, "சபையில சத்தம் போடாத"ன்னாரு. அத்தை என் கையில இருந்து ஊசிய வாங்கிக்கிட்டாங்க. நான் அடுப்படிக் கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். தங்கச்சி திரும்பித் திரும்பி என்னையத் தேடினா. அவங்க அவ கன்னத்தப் புடிச்சு நேரா வச்சாங்க.

மறுநாள் காலையில பூவெல்லாம் வாடிப் போச்சு, சடைய அவுக்கணும். அதுக்கு எந்தச் சுமங்கலியும் வரல. தைக்கத்தான் கூடாதாம், அவுக்கலாமாம்! அத்தை ஒவ்வொரு பூவுக்கும் ஒரு முடிச்சு போட்டு வச்சிருந்தாங்க. இழுத்தா வராது. பிளேடு வச்சு ஒண்ணொண்ணா வெட்டினேன். வெட்டும்போது கொத்தா ஒரு பிடி முடியும் சேந்து வந்துருச்சு. அவ முடிக்காக அழுதா. நான் வேற எதுக்கோ அழுதேன். அன்னைக்குச் சொன்னேன் அவகிட்ட: "ஒன் கல்யாணத்துக்கு என் கையிதான். எவ வந்தாலும் ஊசியக் குடுக்க மாட்டேன்."

"சரிக்கா"ன்னா மூக்க உறிஞ்சிக்கிட்டே. "ஆனா முடிய மட்டும் வெட்டிராத."

அதுக்குப் பிறகுதான் நான் பதுளைக்கு வந்து தொழில் கத்துக்கிட்டேன். அவ இருபத்தொரு வயசுல லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போனா, அங்கேருந்து ஒரு குடும்பத்தோட இத்தாலி. பன்னெண்டு வருஷம் ஓடிப் போச்சு. எனக்குக் கல்யாணம் காட்சி ஒண்ணும் அமையல. அது வேற கதை, இங்க வேணாம்.

நாலாவது நாள் நானே எடுத்தேன். எவ்வளவு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்க முடியும்?

"அது என்னடி, ஊர்ல இல்லாத கல்லுத் தலை? நல்லதா ஒரு போட்டோ கெடைக்கலையா ஒனக்கு?"ன்னேன்.

அவ சொன்னா: வியாழக்கிழமை பின்னேரம் அவளுக்கு லீவு. போக எடம் இல்ல. மழை வந்தா ஒரு மியூசியத்துக்குள்ள போயி ஒக்காந்துருவாளாம். அங்க வரிசையாக் கல்லுத் தலை. அந்தக் காலத்து ரோமாபுரிப் பொம்பளைங்க. அதுல ஒருத்தி முன்னால பெஞ்சு போட்டிருக்காம்.

"அந்த முடியப் பாருக்கா"ன்னா. "அத அவ தானாப் போட்டிருக்க முடியாது. பின்னால யாரோ நின்னிருக்கணும். எனக்கு ஒன் ஞாபகம் வந்துரும். எத்தனை வியாழக்கிழமை அங்க ஒக்காந்து அழுதிருக்கேன் தெரியுமா?"

"சரி சரி, நல்ல வெளிச்சத்துல இன்னொரு போட்டோ அனுப்பு"ன்னேன்.

வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேன். கொண்டை சாமானியப்பட்டது இல்ல. நடு வகிடு, ரெண்டு பக்கமும் அலை அலையாக் காதை மூடி இறங்குது. மிச்ச முடிய எல்லாம் சின்னச் சின்னச் சடையாப் பின்னி, உச்சியில குடம் தூக்குற சும்மாடு மாதிரி சுத்தி வச்சிருக்கு. ஒரு சடை மேல இன்னொரு சடை, இடைவெளியே இல்லாம. எங்கயும் ஒரு கொண்டை ஊசி தெரியல.

எனக்கு ஒரு தலை வேணும். பிளாஸ்டிக் பொம்மைத் தலை சரிவராது. கீழ்த் தெருவுல வாடகைக்கு இருக்கிற யாழ்ப்பாணத்து டீச்சர் என் பழைய கஸ்டமர். வரலாறு படிப்பிக்கிறாங்க. இடுப்பத் தொடுற முடி, தலைக்குப் பூசுற எண்ணெய்கூட ஊர்ல இருந்துதான் வரும். அவங்ககிட்ட போட்டோவக் காட்டினேன்.

"ஐயோ, இது ரோமானியப் பெண் அல்லோ!"ன்னு கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டாங்க. "ரெண்டாயிரம் வருசம் இருக்கும் பிள்ளை. அந்த ஆக்கள் மிளகு வேண்ட எங்கட கடலுக்கெல்லாம் கப்பல் விட்டவை. சரி, என்ட தலையை என்ன செய்யப் போறீர்?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன் டீச்சர், சும்மா பின்னிப் பாக்குறேன்"ன்னேன். பாவம், நம்பி ஒக்காந்துட்டாங்க.

மொத நாள் அறுபது கொண்டை ஊசி குத்தினேன். டீச்சர் எந்திரிச்சு நின்னதும் மொத்தமும் சரிஞ்சு காதுல வந்து தொங்குச்சு. ரெண்டாவது நாள் ஸ்ப்ரே அடிச்சேன். அது காஞ்சு வெறகு மாதிரி ஆச்சு, ஆனா நிக்கல. மூணாவது நாள் உள்ளுக்குச் சவுரி வச்சேன். "கிரேக்கமோ ரோமோ, எனக்குக் கழுத்து நோகுது"ன்னாங்க டீச்சர். தலைகீழா நின்னு தண்ணி குடிச்சாலும் அந்தச் சும்மாடு உச்சியில ஒக்காரல. எனக்கோ ஆத்திரம். ஆத்திரத்துல சீப்ப விட்டெறிஞ்சு அது ஜன்னல் வழியா கீழ ரோட்டுல போன ஒருத்தர் தலையில விழுந்து, அவர் மேல ஏறி வந்து திருப்பிக் குடுத்துட்டுப் போனாரு.

அப்பதான் யோசிச்சேன், நான் பாக்குறதெல்லாம் மூஞ்சிப் பக்கம். வேலை எல்லாம் பின்பக்கம்ல இருக்கும்! எந்தத் தொழில்காரிக்கும் தெரிஞ்ச விஷயம் இது, எனக்குப் புத்தி வர மூணு நாள் ஆச்சு.

"அந்தக் கல்லுத் தலையோட பின்பக்கம் எனக்கு வேணும்"னு தங்கச்சிகிட்டச் சொன்னேன்.

"அக்கா, அது செவுத்தோட ஒட்டி இருக்கு."

"கைய உள்ள விட்டு எடு."

"தொடக்கூடாதுக்கா, அங்க காவல்காரர் நிப்பாரு."

"நீ ஒண்ணும் தூக்கிட்டு ஓடல. கல்யாணம்னு சொல்லு."

வியாழக்கிழமை போனா. ஃபோனப் புடிச்சுக்கிட்டுச் செவுத்துக்கும் தலைக்கும் நடுவுல கைய நீட்டியிருக்கா, காவல்காரர் வந்து சத்தம் போட்டுட்டாரு. இவ அங்கயே அழுதுட்டா. அழுதுக்கிட்டே, அக்கா, ஊரு, கொண்டை, கல்யாணம்னு அவங்க பாஷையில என்னத்தையோ கொட்டியிருக்கா. அந்த மனுஷன் கொஞ்ச நேரம் பாத்துட்டு, தன்னோட டார்ச்ச எடுத்துச் செவுத்துப் பக்கம் அடிச்சுப் புடிச்சாராம். எட்டுப் போட்டோ வந்துச்சு. அதுல ஏழு செவுரு, ஒண்ணு பின்பக்கம்.

அந்த ஒண்ணே போதும். விரலால பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தேன். சடையோட ஓரமும் அடுத்த சடையோட ஓரமும் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஊசி குத்தினா அப்படி ஒட்டாது, தூக்கும். நமக்குத் தெரிஞ்ச வேலை மாதிரி இருக்கேன்னு பாத்தா, பூச்சடை! அத்தை என் கையில இருந்து ஊசிய வாங்கித் தச்சாங்களே, அதே தையல். இங்க பூவுக்குப் பதிலா சடையையே சடையோட தச்சிருக்கா, அந்தக் கல்லுக்காரிக்குப் பின்னால நின்னவ. அடி ஆத்தி, அந்த ஊர்லயும் ஊசி நூலு!

பிறகு ஃபோன்ல தேடிப் பாத்தா, வெளிநாட்டுல எனக்கு முன்னாடியே அதக் கண்டுபிடிச்சுத் தச்சுக் காட்டியிருக்காங்க. கொஞ்சம் எரிச்சலாத்தான் இருந்துச்சு. இருந்துட்டுப் போகட்டும், எனக்கு யாரும் சொல்லித் தரல.

சாக்குத் தைக்கிற ஊசி ஒண்ணு வாங்கி, கல்லுல தேச்சு முனைய மழுக்கினேன். நைலோன் நூலு முடிய அறுத்துச்சு, அதனால கறுப்புக் கம்பளி நூல் எடுத்தேன். சடை ஏழு. மொதச் சடைய உச்சியில சுருட்டி, அடியில ஊசிய விட்டு, தலைத்தோல் முடியோட ஒரு பிடி, சடையோட ஒரு பிடி. அப்படியே சுத்திக்கிட்டே போகணும். நூல் வெளிய தெரியக் கூடாது. முடிச்சு எங்கயும் போடக் கூடாது, கடைசி நுனிய உள்ளுக்குச் சொருகி விட்டுறணும். ஒரு முனையப் புடிச்சு இழுத்தா மொத்தமும் அவுந்து வரணும். முடிச்சு போட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்.

டீச்சர் தலையில அது நின்னுச்சு. தலைய ஆட்டச் சொன்னேன், குனியச் சொன்னேன், படியில ஏறி இறங்கச் சொன்னேன். அதோடயே ஹாலிஎலைக்கு பஸ்ல போயிட்டு, அதோடயே படுத்து எழும்பி, மூணாம் நாள் வந்து, "ஒரு முடியும் அசையேல்லை பிள்ளை. பள்ளிக்கூடத்தில பிரின்சிபல் என்னைப் பாத்து எழும்பி நிண்டவர்"ன்னாங்க. எனக்குச் சந்தோஷத்துல கையும் ஓடல காலும் ஓடல. இப்ப அந்தக் கொண்டைய லயத்துப் பொண்ணுங்களுக்கும் போடுறேன். கொழுந்துக் கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி எங்க பொம்பளைங்களுக்கு உச்சியில முடி கொட்டி ஒரு தடம் விழுந்திருக்கும். சடைய அதுக்கு மேல வச்சுத் தச்சா தெரியாது.

ஆனா அங்க யார் தைக்கிறது? அதைக் கேட்டப்ப தங்கச்சி கொஞ்சம் தயங்கினா.

"சின்யோரா தைப்பாங்கக்கா."

சின்யோரான்னா அங்க மரியாதையா அம்மான்னு சொல்ற மாதிரியாம். இவ பாத்துக்கிற வயசானவங்க. எம்பத்தாறு வயசு. புருஷன் எறந்து ரொம்ப வருஷம். முந்தி கல்யாண உடுப்பு தைக்கிற தையல்காரியாம். எனக்குச் சுரீர்னு ஏறுச்சு.

"அந்தம்மாவுக்குக் கை நடுங்கும்னு நீதானே சொல்லுவ? காப்பி கப்பப் புடிக்க முடியாதுன்னு?"

"ஊசி கையில இருந்தா நடுங்காதுக்கா."

பொறாமைதான். வேற என்ன? மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? நான் அவளுக்கு வருஷக் கணக்காத் தலை பின்னினேன். இந்தம்மா எங்கேருந்தோ வந்து கல்யாணத்தன்னைக்கு அவ பின்னால ஒக்காரப் போறாங்க. ஒரு சின்யோரா இல்ல, ஒம்பது சின்யோரா வந்தாலும் என் கையி ஆகுமா? ரெண்டு நாள் சலூன்ல எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தேன். பிறகு டீச்சர் தலையில தச்சு, ஃபோன்ல படம் புடிச்சு, துண்டு துண்டா அனுப்பினேன். வேற வழி?

ரெண்டு தரம் கம்பளி நூல்ல சடை பின்னி, மடியில வச்சுத் தச்சுப் பழகிப் பாத்தாங்க. சின்யோரா தையல்காரி இல்லையா, ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு! "ஐயோ, முடிச்சு போட வேணாம்னு சொல்லுடி!"ன்னு கத்தினேன். அந்தம்மா பதிலுக்கு என்னமோ கத்தினாங்க. முடிச்சு போடாத தையல் தையலே இல்லையாம். நானும் விடல, அவங்களும் விடல. நடுவுல இவ ரெண்டு பாஷையிலயும் சிரிக்கிறா.

"அவங்ககிட்டச் சொல்லு. முடிச்சு போட்டா அவுக்க இன்னொருத்தி வேணும், பின்னால நின்னு வெட்ட வேணும். நான் அங்க இல்ல. நீயே இழுத்து அவுக்கிற மாதிரி இருக்கணும். இல்லன்னா முடியை வெட்டிருவாங்க."

தங்கச்சி சிரிப்ப நிறுத்திட்டு அதச் சொன்னா. சின்யோரா போட்ட முடிச்சையெல்லாம் ஊசி முனையால ஒண்ணொண்ணா அவுத்தாங்க.

கல்யாணம் ஒரு சனிக்கிழமை. அங்க காலையில எட்டு மணின்னா இங்க பதினொன்றரை. நான் சலூன் கதவச் சாத்தி, வாசல்ல "இன்று இல்லை"ன்னு அட்டை மாட்டிட்டேன். டீச்சர வரச் சொல்லி நாக்காலியில ஒக்கார வச்சேன். வாயால சொன்னா சின்யோராவுக்கு விளங்காது, அதனால நான் இங்க டீச்சர் தலையில ஒரு தையல் போட, அவங்க அதப் பாத்து அங்க ஒரு தையல் போடுறதுன்னு ஏற்பாடு. ஃபோனக் கண்ணாடியில சாச்சு வச்சேன்.

படம் வந்துச்சு. சின்யோராவுக்கு நிக்க முடியாது. அவங்க கட்டில் ஓரத்துல ஒக்காந்திருக்காங்க, தங்கச்சி கீழ ஒரு மெத்தையில, அவங்க முழங்காலுக்கு நடுவுல. நான் ஒக்கார வைப்பேனே, அதே மாதிரி. முதுகு எனக்கு. தலைய விரிச்சு விட்டிருக்கு. பன்னெண்டு வருஷமா ஃபோன்ல அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கேன். தலைய இப்பத்தான் பாக்குறேன்.

"அக்கா, ஆரம்பிக்கலாமா?"

"இரு. மொதல்ல உச்சியில எண்ணெ வைக்கச் சொல்லு. ஒரு சொட்டுதான், இல்லன்னா சடை வழுக்கும்."

நல்லெண்ணெய்க்கு அவ எங்க போவா? சின்யோரா குசினியில இருந்த ஒலிவ் எண்ணெயில விரலத் தொட்டு, அவ உச்சியில வச்சு, உள்ளங்கையால அழுத்தினாங்க. கல்யாணமாகாதவ இங்க, தாலி எறங்கினவங்க அங்க. எங்க லயத்துல ரெண்டு பேரையுமே அடுப்படிக் கதவுகிட்டத்தான் நிறுத்தியிருப்பாங்க. போங்கடி, யார் வந்து தடுக்கிறதுன்னு பாக்கலாம்னு நெனச்சேன்.

பின்ன ஆரம்பிச்சோம். பிடரி முடியத் தூக்கினப்பதான் பாத்தேன். கீழ ரெண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை. நல்ல வெள்ளை. முன்னால ஒரு நரை இல்ல அவளுக்கு.

"ஏன்டி, இவ்வளவு..."ன்னு ஆரம்பிச்சேன்.

"என்னக்கா?"

அவளுக்குத் தெரியாது. பின்னால யாராவது நின்னு பாத்துச் சொன்னாத்தானே தெரியும்? யார் இருந்தா அங்க? கல்லுத் தலைக்குப் பின்னால போயி போட்டோ எடுக்கச் சொல்லத் தெரிஞ்ச எனக்கு, ஒரு நாள்கூட இவள, திரும்பு, ஒன் தலையப் பாப்போம்னு சொல்லத் தோணல.

"ஒண்ணுமில்ல. வெளிச்சம் கண்ணக் கூசுது"ன்னேன்.

சின்யோரா ஃபோனப் பாத்தாங்க. நான் டீச்சர் பிடரியில ஒரு சடைய எடுத்து, அடியில மடிச்சு, மேல இன்னொண்ண வச்சு மறைச்சுக் காட்டினேன். அந்தம்மா தலைய ஆட்டிட்டு, வெள்ளை முடிய எல்லாம் ஒரே சடையாப் பின்னி, யாருக்கும் தெரியாத எடத்துல சுருட்டி வச்சுத் தச்சாங்க. அந்தக் கையி நடுங்கவே இல்ல. அப்ப என் பொறாமை எங்க போச்சுன்னு தெரியல.

ரெண்டு மணி நேரம். நான் ஊசிய விட்டா அவங்க விடுவாங்க, நான் இழுத்தா அவங்க இழுப்பாங்க. என் கையில முடி இருக்கு, ஆனா அது அவ முடி இல்ல. அந்த நெனப்பு வர்றப்ப எல்லாம் நூல இறுக்கிருவேன். "ஆ, பிள்ளை! மெல்ல, மெல்ல!"ம்பாங்க டீச்சர். தங்கச்சி தோட்டத்துக் கதையெல்லாம் பேசிக்கிட்டே இருந்தா, மாப்பிள்ளை வாங்கின புதுச் சப்பாத்து காலக் கடிக்குதாம், அதுக்கு ஒரு சிரிப்பு. பிறகு பேச்சு கொறஞ்சு, பிறகு சும்மா இருந்தா. சின்ன வயசுல பின்னி விடும்போது தூங்கி விழுவாளே, அது மாதிரி தலை கொஞ்சம் சாஞ்சுச்சு.

கடைசித் தையலப் போட்டு, நுனிய உள்ள சொருகினோம். சின்யோரா கையத் தூக்கிக் காட்டினாங்க. முடிஞ்சுது.

அவ எந்திரிச்சு புடவையச் சரி பண்ணிக்கிட்டுத் திரும்பினா. என் வாழ்க்கையில எத்தனையோ பொண்ணு அலங்காரம் பண்ணிட்டேன். இப்படி ஒருத்தியப் பாக்கல. எங்கம்மாவே எந்திரிச்சு வந்து நிக்கிற மாதிரி இருந்துச்சு.

"அக்கா, எப்படி இருக்கு?"

"ம், பரவால்ல"ன்னேன். அழுகைய அடக்க எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் அகப்பட்டுச்சு.

அங்க கீழ தெருவுல கார் வந்து ஹோர்ன் அடிச்சுது. "மாப்பிள்ளை வந்தாச்சுக்கா. நேரமாச்சு, நான் போயிட்டு வந்து எடுக்கவா?"ன்னு ஃபோன எடுக்கக் கைய நீட்டினா.

"இரு, இரு! இடது காதுக்கு மேல ஒரு சடை தொங்குது. அவங்கள இன்னொரு தையல் போடச் சொல்லு."

டீச்சர் நாக்காலியில இருந்து எட்டி ஃபோனப் பாத்துட்டு, "ஒண்டும் தொங்கேல்லையே பிள்ளை?"ன்னாங்க.

"நீங்க சும்மா இருங்க டீச்சர்!"

அது அங்க கேட்டுருச்சு. தங்கச்சி நீட்டின கையோட அப்படியே நின்னா. என்னையே பாத்தா. அப்புறம் புடவைய ஒதுக்கிக்கிட்டு, முதுக எனக்குக் காட்டி, திரும்பவும் அந்த மெத்தையில ஒக்காந்தா. சின்யோராகிட்ட மெதுவா என்னமோ சொன்னா. அந்தம்மா ஒரு தரம் ஃபோன நிமிந்து பாத்துட்டு, ஊசியில புதுசா நூல் கோக்க ஆரம்பிச்சாங்க.

"எந்த எடம்னு காட்டுக்கா"ன்னா அவ, திரும்பாமயே.

"காதுக்கு மேல. மெதுவாத் தைக்கச் சொல்லு. ஒண்ணும் அவசரமில்ல."

கீழ திரும்பவும் ஹோர்ன் அடிச்சுது. அவ எந்திரிக்கல.